கறி சரி, கரி?

மொட்டை மாடியில் கோழி சுடுவது இப்போது எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. டிசம்பர் 31 ராத்திரி எங்கள் தெருவில் மட்டும் நாலு மாடியில் புகை. தயிரா எலுமிச்சையா, காஷ்மீரி மிளகாயா குண்டு மிளகாயா என்று வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் பஞ்சாயத்து நடக்கும். கரியைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

நானும் அப்படி இருந்தவன்தான். முதல் தடவை கரி பற்றவில்லை என்று மண்ணெண்ணெய் ஊற்றினேன். ஜோராக எரிந்தது. அந்தத் தீயிலேயே கம்பி வலையை வைத்தோம். மேலே கருகல், எலும்பை ஒட்டி ரத்தம், வாயில் வைத்தால் மண்ணெண்ணெய். மச்சான் மட்டும் மரியாதைக்கு இரண்டு துண்டு தின்றார்.

மறுநாள் தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணனிடம் புலம்பினேன். சிரித்துவிட்டார். "தீ எரியுறப்ப பெட்டியைத் துணி மேல வைப்பேனா தம்பி?" அவர் அடியில் நாலு கொட்டாங்குச்சிச் சில்லு போட்டுப் பற்றவைத்து, மேலே கரியை அடுக்கி, பெட்டியைத் திறந்தபடி காற்றுக்கு எதிரே வைத்துவிடுவார். கறுப்பு மறைந்து வெளுப்பாகச் சாம்பல் படியும்வரை தொடமாட்டார். நீறு பூத்த நெருப்பு என்று கோபத்துக்குச் சொல்கிறோமே, கோழிக்கு வேண்டியதும் அதுதான். கரியில் மிச்சமிருக்கும் வாயுக்கள்தான் முதலில் புகையாகவும் சுடராகவும் போகின்றன. அவை போய்த் தணலான பிறகுதான் சூடு ஒரே சீராக இறங்கும்.

இப்போது நான் ஒரு பழைய டின்னின் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். கீழே கசக்கிய செய்தித்தாள், மேலே கரி. சூடு மேலே ஏற ஏற, அடி ஓட்டை வழியாகக் காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். விசிறவே வேண்டாம், இருபது நிமிடத்தில் தயார். அப்புறம் தணலை அடுப்பின் ஒரு பாதியில் மட்டும் கொட்டுவேன். தொடைக்கறியைத் தணல் இல்லாத பக்கம் வைத்து மூடி வேகவிட்டு, கடைசியில் தணல் பக்கம் நகர்த்தி நிறம் ஏற்றுவேன். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் தண்ணீர் தெளிக்கக் கூடாது, சாம்பல் பறந்து கறியில் ஒட்டும். துண்டை இந்தப் பக்கம் இழுத்தால் போதும்.

கரிக்காக ரொம்ப அலைய வேண்டியதில்லை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டு, மண் பூசி எடுக்கிற கரி நம் ஊர் மண்டிகளிலேயே கிடைக்கிறது. நாம் திட்டித் தீர்க்கிற இந்த மரத்துக்கு நெருங்கிய சொந்தம்தான் மெஸ்கீட். டெக்சாஸ்காரர்கள் அதில் இறைச்சி சுடுவதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்! நமத்த மூட்டையை மட்டும் வாங்கிவிடாதீர்கள். வெடித்துப் பொறி பறக்கும்.

மழை வந்தால் அடுப்பைத் தூக்கி வீட்டுக்குள் வைக்கிறார்கள் சிலர். தயவுசெய்து வேண்டாம். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மூடிய அறையில் ஆளையே கொல்லும்.

இந்த டிசம்பருக்கும் ஏழு மணிக்குப் பற்றவைத்து ஏழரைக்குத்தான் கோழி. அதுவரை பசிக்கிறவர்களுக்கு அவித்த வேர்க்கடலை உண்டு. மச்சான் விசிறியோடு வந்தால் அதை முதலில் பிடுங்கி வைத்துவிடுவேன்.