பாலைவனம் விற்கும் உதகை

கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், மே மாத இரவிலும் கம்பளி தேடவைக்கும் உதகையில், ஓர் உணவகப் பலகை, 'டெசர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் எஸ்ஸை விட்டுவிட்டு, தினமும் என்னைப் பாலைவனம் சாப்பிட அழைக்கிறது. இனிப்புக்கு இரண்டு எஸ் வேண்டுமாம், ஒன்று குறைந்தால் மணல்தானாம். இதில் ஆங்கில எழுத்துக்கூட்டலில் தடுமாறும் என் மகனை நொந்து என்ன பயன்? ஸ்டேஷனரி என்பதில் ஈ போட்டால் பேனா, பென்சில். ஏ போட்டால் குன்னூரில் எஞ்சின் மாற்றுவதற்காக நகராமல் நிற்கும் மலை ரயில். இரண்டும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை (ஊர் சுற்றாமல் ஓரிடத்தில் கடை விரித்தவரின் சரக்கே எழுதுபொருள் ஆயிற்று). உடன்பிறந்தவை ஒரே எழுத்தைப் பகிர்ந்துகொண்டால் யார் குடி முழுகிவிடும்? பள்ளித் தலைவரும் பிரின்சிபல், கொள்கையும் பிரின்சிபல், எப்படி எழுதுவது என்று அவன் கேட்டபோது, நான் தேநீர் போடுவதாகச் சொல்லி எழுந்துவிட்டேன்.