வெளியேறியவரைக் கோழை என்று சொல்வதற்கு முன்

சனிக்கிழமை நம் புதுச்சேரியில் நடந்த ஹிரோஷிமா நாள் பேச்சுப் போட்டியின் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள் என்பதால் முழுவதையும் இங்கே விவரிக்கப் போவதில்லை. அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தைவிட்டு இடையில் விலகிய இயற்பியலாளர் ஜோசப் ராட்பிளாட்டைப் பற்றி அவ்வளவு தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த அரசுப் பள்ளி மாணவியை நடுவர் மணியடித்து நிறுத்தி, "பாதி வேலையில் ஓடிப்போன கோழையைப் பற்றிப் பேசி என்ன பயன், சாதித்தவர்களைப் பற்றிப் பேசம்மா" என்றார். முன்வரிசையில் சிலர் கைதட்டினார்கள். நடுவர் சொன்னதைவிட அந்தக் கைதட்டல்தான் எனக்கு அதிகம் வலித்தது.

ராட்பிளாட் ஒரு வேலையைப் பாதியில் விட்டார் என்பது உண்மைதான். அதன்பின் அறுபது ஆண்டுகள், தம்முடைய 96ஆம் வயதில் இறக்கும்வரை, அணு ஆயுதம் கூடாது என்ற ஒரே வேலையைப் பாதியில் விடாமல் செய்தார் என்பதும் உண்மை. முதல் உண்மையை மேடையில் உரக்கச் சொல்லிவிட்டு இரண்டாவதைச் சொல்ல வந்த பெண்ணின் வாயை அடைத்தது நியாயமா என்பதே என் கேள்வி.

இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் அவருடைய வாழ்க்கையை ஓரளவு அறிவேன். 1908இல் வார்சாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். முதல் உலகப் போரில் தந்தையின் தொழில் நொடித்துப்போக, மின்பணியாளராகக் கூலி வேலை செய்துகொண்டே இரவில் படித்து இயற்பியலாளர் ஆனார். 1939இல் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜேம்ஸ் சாட்விக்கிடம் ஆய்வு செய்ய இங்கிலாந்தின் லிவர்பூல் சென்றவர், மனைவி டோலாவை அழைத்துச் செல்வதற்காக அந்தக் கோடையில் வார்சா திரும்பினார். அறுவை சிகிச்சைக்குப் பின் டோலாவால் உடனே பயணம் செய்ய முடியவில்லை. இவர் முன்னால் கிளம்பினார். செப்டம்பர் 1ஆம் தேதி ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது. அதன்பின் அவர் டோலாவைப் பார்க்கவேயில்லை. யூத இன அழிப்பில் அந்தப் பெண் கொல்லப்பட்டார். ராட்பிளாட் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

ஹிட்லரின் கையில் அணுகுண்டு கிடைத்துவிடக்கூடாது என்ற அச்சத்தில் 1944இல் அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டக் கூடமான லாஸ் அலமோஸ் போனவரைத்தான் கோழை என்கிறார்கள். அங்கே சாட்விக்கின் வீட்டு விருந்தில், இந்தக் குண்டின் உண்மையான நோக்கம் சோவியத்தை அடக்குவதே என்று திட்டத்தின் தலைவர் ஜெனரல் குரோவ்ஸ் சொன்னதைக் கேட்டு அதிர்ந்தார். அந்த ஆண்டின் கடைசியில், ஜெர்மனி குண்டு முயற்சியைக் கைவிட்டுவிட்டது என்று தெரிந்ததும், தாம் வந்த காரணம் தீர்ந்துவிட்டது என்று கூறி விலகினார். மனசாட்சியின் பேரில் அந்தத் திட்டத்தைவிட்டு வெளியேறியவராக வரலாறு அறிந்திருப்பது அவர் ஒருவரைத்தான். சோவியத் உளவாளி என்று அவர்மேல் கோப்பு திறந்தார்கள். விலகலின் காரணத்தைச் சக விஞ்ஞானிகளிடம் பேசக்கூடாது என்று வாயைக் கட்டினார்கள். மனைவி உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாத நிலையில், இத்தனையையும் தாங்கிக்கொண்டு தனியாக வெளியேறுவதற்குக் கோழையால் முடியுமா?

இங்கே என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சொல்தா குடும்பங்களைப் புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனா போன அவர், ஓய்வூதியத்துக்கு வேண்டிய பணிக்காலம் முடியும் முன்பே விலகி ஊர் திரும்பிவிட்டார். உடன் போனவர்களுக்கு மாதாமாதம் பிரெஞ்சுப் பணம் வர, இவர் மிதிவண்டிக் கடை வைத்துப் பிழைத்தார். பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14 காலையில் அண்டை வீட்டார் பழைய கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்குக் கிளம்பும்போது, அவர் திண்ணையில் குந்தி, கழற்றிய சங்கிலியை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பழைய பல்துலக்கியால் கண்ணி கண்ணியாகத் தேய்த்துக்கொண்டிருப்பார், தலை நிமிராது. ஏன் வந்தீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "அடுக்கி வச்ச நெல்லு எரிஞ்சா எப்படி நாறும்னு உனக்குத் தெரியாது, பாப்பா" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சாகும்வரை உறவுக்காரர்களின் வாயில் அவருக்கு "ஓடி வந்தவன்" என்றுதான் பெயர். சனிக்கிழமை மேடையில் கேட்ட சொல்லும் அதுதான்.

சரி, வெளியேறியவர் என்னதான் செய்தார்? லண்டனில் ஒரு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராகிக் கதிர்வீச்சு உடலை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார். 1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. அதன் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் 23 பேர் மீதும் விழுந்தது. படகின் வானொலி இயக்குநர் சில மாதங்களில் இறந்தார். ஜப்பானிய விஞ்ஞானி ஒருவர் தந்த அளவீடுகளை வைத்துக் கணக்கிட்ட ராட்பிளாட், குண்டின் யுரேனிய வெளியுறையும் பிளந்ததால்தான் இவ்வளவு கதிர்வீச்சு என்று கண்டறிந்து, அரசுகள் மறைத்ததை வெளியிட்டார். விரித்த தூண்டில் கயிறுகளைச் சாம்பலுக்கு நடுவே இழுத்தெடுத்துக்கொண்டு கரை திரும்பிய அந்த மனிதர்களின் நிலை, மீனவர் பகுதியான வம்பாகீரப்பாளையத்தில் வாழும் நமக்கு இன்னொருவர் சொல்லியா புரிய வேண்டும்?

1955 ஜூலை 9 அன்று லண்டனில், அணு ஆயுதப் போரின் ஆபத்தை எச்சரித்த ரசல்-ஐன்ஸ்டைன் அறிக்கை வெளியிடப்பட்ட கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் அவர். கையெழுத்திட்ட பதினொருவரில் இளையவரும் அவரே. 1957இல் கனடாவின் பக்வாஷ் என்ற சிற்றூரில் அமெரிக்க, சோவியத் முகாம்கள் இரண்டின் விஞ்ஞானிகளும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். அன்றுமுதல் 1973வரை, அந்தக் கூட்டத்தில் பிறந்த பக்வாஷ் அமைப்பின் பொதுச் செயலாளராகக் கடிதம் எழுதி, பணம் திரட்டி, விசாவுக்கு அலைந்து அந்த மேசையைக் காப்பாற்றியவர் அவர்.

"பேசிப் பேசி என்ன கிழித்தார்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. வளிமண்டலத்தில் அணுச் சோதனையைத் தடை செய்த 1963 உடன்படிக்கைக்கும், 1972இல் உயிரியல் ஆயுதங்களைத் தடை செய்த உடன்படிக்கைக்கும் அந்தப் பேச்சு வழி திறந்தது. அவர்கள் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1986இல் ஏறத்தாழ 70,000 ஆக இருந்த அணுகுண்டுகள் இன்று சுமார் 12,000 ஆகக் குறைந்திருப்பது எவரும் பேசாமலேயே நடந்துவிட்டதா?

"முதலில் ஏன் சேர்ந்தார்" என்பது நியாயமான கேள்வி. அதை அவரே தம்மிடம் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டார். நான் பதில் சொல்லத் தேவையில்லை.

"தேசத்தின் பாதுகாப்பு" என்று தொடங்குபவர்களிடம்தான் எனக்குக் கோபம் வருகிறது. 1998 மே மாதம் பொக்ரான் வெடிப்புக்குப் பிறகு ஆசிரியர் அறையில் நீட்டப்பட்ட இனிப்பை நான் எடுக்கவில்லை என்பதற்காக என்னைத் தேசத் துரோகி என்றவர்களும் இருந்தார்கள். பிகினி வெடிப்புக்குப் பின், 1954 ஏப்ரலில், அணுச் சோதனைகளை நிறுத்தி வையுங்கள் என்று நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்தவர் நேரு. 2002 முதல் 2007வரை அதே பக்வாஷ் அமைப்பின் தலைவராக இருந்தவர் நம் கும்பகோணத்து எம். எஸ். சுவாமிநாதன். இவர்களுக்கும் தேசப்பற்று இல்லையா? அவர்களிடம் கேட்கத் துணியாததை ஒரு பள்ளிப் பிள்ளையிடம் ஏன் கேட்கிறீர்கள்?

1995இல் பிரான்ஸ் பசிபிக் கடலின் முருரோவா தீவில் மீண்டும் குண்டுகளை வெடித்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் இந்த ஊரும் அதற்கு ஒரு பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். அதே ஆண்டில்தான் ராட்பிளாட்டுக்கும் பக்வாஷுக்கும் அமைதிக்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது. பரிசுரையில் அவர் தம் சக விஞ்ஞானிகளைப் பார்த்து, மனிதகுலத்துக்கு நீங்கள் ஆற்ற வேண்டிய பொறுப்பை நினைவில் வையுங்கள் என்று வேண்டினார். நாளை ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில் நிற்கப்போகும் நம் பிள்ளைகளுக்கு, வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு என்று நாம் கற்றுக்கொடுக்கவில்லையென்றால் வேறு யார் கற்றுக்கொடுப்பார்கள்?

போட்டி முடிந்துவிட்டது, பெரியவர் ஏதோ சொல்லிவிட்டார், விட்டுவிடுங்கள் என்று நேற்றிலிருந்து பலர் அறிவுரை கூறுகிறார்கள். விடுவதாக இல்லை. அந்த மாணவிக்கு அதே அரங்கத்தில், அதே ஒலிபெருக்கியில் முழு உரையையும் ஆற்ற வாய்ப்புத் தர வேண்டும் என்றும், நடுவர் தம் சொல்லை அங்கேயே திரும்பப் பெற வேண்டும் என்றும் அமைப்பாளர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உடன்படுகிறவர்கள் உங்கள் பெயரில் நீங்களும் எழுதுங்கள்.