பாட்டு பிடித்திருந்தும் கைநழுவியது
பாட்டை யூடியூபில் ஏற்றினால் போதும், படம் எடுப்பவர்கள் தாமே தேடி வருவார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது பாதிதான் உண்மை. வியாசர்பாடியில் நாங்கள் பதிவு செய்த ஒரு கானாப் பாட்டைத் தேடித்தான் வந்தார்கள், வெப் சீரிஸ் காட்சி ஒன்றில் பயன்படுத்த. முதல் கேள்வியே பாட்டு யாருடையது, ஒலிப்பதிவு யாருடையது என்பதுதான். இரண்டும் தனித்தனி உரிமை, இரண்டுக்கும் அனுமதி வேண்டும். வரிகள் நண்பனுடையவை, மெட்டு என்னுடையது, சரி. ஆனால் பின்னணி பீட் இணையத்தில் இலவசமாக எடுத்தது, வணிகத்துக்குப் பயன்படுத்த உரிமம் இல்லை. வாய்ப்பு போய்விட்டது, இன்றும் வலிக்கிறது. அப்புறம் காசிமேட்டு நண்பர்களை வைத்து டோலக், டேப் மேளம் எல்லாம் நாங்களே வாசித்துப் பதிவு செய்தோம். யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டோம். குரல் இல்லாத தடத்தையும் தனியாக வைத்திருக்கிறோம், வசனத்துக்கு அடியில் போட அது வேண்டும். கொடுக்கிற காசுக்குப் பாட்டை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடலாம் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் சொல்கிறார். வேண்டாம் சகோ. ஒரு காட்சிக்கு அனுமதி தருவது வேறு, உரிமையையே மாற்றிக் கொடுப்பது வேறு. அப்படி மாற்றினாலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. அதனால்தான் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று ஒப்பந்தத்தில் அச்சடித்தே நீட்டுகிறார்கள். அந்த வரியை நீக்கச் சொல்லிக் கேளுங்கள்.