கடவுச்சீட்டில் அந்த ஒரு வரியையும் வாசியுங்கள்

இலங்கையில் பிறந்து இப்போது வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வந்த ஒரு ஐயாவிடம், அங்கே ஒரு தேசியப் பூங்கா வாசலில் வெளிநாட்டவர் கட்டணம் கேட்ட அந்தக் காணொளியை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எந்தப் பூங்கா, எந்த வாயில் என்று நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. பழைய அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு அவர் கவுண்டர் முன்னால் நின்றதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்ததைத் தாங்க முடியவில்லை. அதற்கு மேல், காணொளியைப் பகிர்ந்த ஒருவர் எழுதியிருந்தாரே, "டொலர் உழைக்கத் தெரியும், டொலர் கட்டத் தெரியாதோ?" என்று. அதற்கு விழுந்து விழுந்து சிரித்தவர்களில் எனக்குத் தெரிந்த முகங்களும் இருந்தன. எங்கள் வீட்டில் சாப்பிட்ட முகங்கள். நேற்று இரவு எனக்கு நித்திரை இல்லை.

சரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நான் சொல்லாததைச் சொன்னதாக யாரும் கதை கட்டக்கூடாது. தேசியப் பூங்காவுக்கு வரும் வெளிநாட்டுப் பயணியிடம் உள்ளூர்க்காரரைவிடக் கூடுதலாக வாங்குவது நியாயம். ஈக்குவடோர் நாட்டின் கலாபகஸ் தீவுகளில் 2024 ஆகஸ்டில் வெளிநாட்டவருக்கான கட்டணத்தை 100 டொலரிலிருந்து 200 ஆக்கினார்கள். ஈக்குவடோர்க்காரருக்கு 30 டொலர். ருவாண்டாவில் மலைக் கொரில்லா பார்க்க வெளிநாட்டவர் 1500 டொலர் கட்டுகிறார், அந்த நாட்டவர் 200. இதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. இலங்கையில் ஆண்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட சனம் யானை அடித்துச் சாகிறது, யானைகள் நூற்றுக்கணக்கில் சாகின்றன. பூங்கா ஓரத்தில் வயல் செய்கிறவன் அந்தக் காட்டுக்கான விலையை ஒவ்வொரு போகத்திலும் கொடுத்துக்கொண்டிருக்கிறான். ஒருநாள் வந்து ஜீப்பில் ஏறிச் சிறுத்தை பார்த்துவிட்டுப் போகிறவர் நாலு டொலர் கூடக் கொடுக்கட்டும். தாராளமாக வாங்குங்கள்.

நான் கேட்பது வேறு. அந்த மண்ணில் பிறந்த ஒருவரை எப்படி அந்தப் பட்டியலில் சேர்க்கிறீர்கள்? பிறந்தவர் வெளிநாட்டவர் இல்லை. இதை இந்தப் பதிவில் இன்னும் பத்துத் தடவை சொல்வேன், அலுத்தாலும் பரவாயில்லை.

போன முறை கனடாவிலிருந்து ஊருக்குப் போனபோது சித்தப்பாவின் மகன் ஒரு வான் பிடித்து எங்களைத் தெற்குப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். விடியப்புறம் இருட்டோடு பூங்கா வாசலுக்கு வந்துவிட்டோம். இறங்குவதற்கு முதலே தம்பி சொல்லிவிட்டான், "அக்கா, நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ. நான் கதைக்கிறன்." எனக்கு அப்போதே முகம் சுண்டிவிட்டது. பிறந்த நாட்டில் வாயைத் திறந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்கிறான் என் தம்பி. அவன் பாவம், என் காசை மிச்சம் பிடிக்கத்தான் சொன்னான். காலில் போட்டிருந்த சப்பாத்தையும் கையில் இருந்த தண்ணீர்ப் போத்தலையும் பார்த்தே கவுண்டரில் இருந்த பையன் கண்டுபிடித்துவிட்டான். அடையாள அட்டை கேட்டான். என்னிடம் கடவுச்சீட்டுத்தான் இருந்தது. கொடுத்தேன்.

அவன் அதைப் பிரித்துப் படம் இருக்கும் பக்கத்தில் விரலை வைத்தான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். விரல் நேரே 'கனடியன்' என்ற இடத்துக்குப் போனது. அதே பக்கத்தில் பிறந்த இடம் என்று ஒரு வரி இருக்கிறது. யாழ்ப்பாணம், அதற்குப் பக்கத்தில் இலங்கையைக் குறிக்கும் மூன்றெழுத்து. கனடா அரசாங்கம் தன் செலவில் அச்சடித்துத் தந்த சாட்சி அது. நான் எங்கே பிறந்தேன் என்று எந்த நாடும் சந்தேகப்படவில்லை. அந்த வரியைத் தொட்டுக் காட்டினேன். பையன் என்னை நிமிர்ந்து பார்த்து, கொஞ்சம் சங்கடத்தோடுதான், தலையை ஆட்டினான். அவனைக் குறை சொல்லமாட்டேன். அவனிடம் இருந்த பட்டியலில் இரண்டே இரண்டு வகைதான். தம்பிக்கு ரூபாயில் ஒரு டிக்கெட், எனக்கு டொலர்க் கணக்கில் ஒரு டிக்கெட். ஒரே அம்மம்மாவின் மடியில் வளர்ந்த இரண்டு பேர், ஒரே ஜீப்பில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில். உள்ளே சிறுத்தை கண்டோமா என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். கண்டோம். எனக்கு ஒன்றும் மனதில் பதியவில்லை. தம்பி வழி முழுக்க என்னோடு கண் கொடுத்துக் கதைக்கவில்லை, தான் ஏதோ குற்றம் செய்துவிட்டதுபோல.

இப்போது கேள்விகளுக்கு வருகிறேன். எல்லாம் எனக்கு நேரிலும் தொலைபேசியிலும் வந்தவைதான்.

"நீங்கள் வரி கட்டுவதில்லையே?" இதுதான் எல்லாரும் முதலில் தூக்கிக்கொண்டு வருவது. வருமான வரி கட்டவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2024 ஜனவரியிலிருந்து அந்த நாட்டில் வற் வரி 18 வீதம். ஊருக்கு வந்து நிற்கும் நாட்களில் கடையில், ஹோட்டலில், கலியாண மண்டபத்தில் அதைக் கட்டாமல் நான் எங்கே தப்பினேன்? அதே 2024இல் வெளிநாட்டிலிருந்து உழைப்பாளர்கள் இலங்கைக்கு அனுப்பிய பணம் 650 கோடி டொலருக்கு மேல். அதில் பெரும்பங்கு மத்திய கிழக்கில் வெயிலில் நிற்கும் பிள்ளைகளுடையது என்பது எனக்குத் தெரியும், அந்தப் பெருமையை நான் பறிக்கவில்லை. எங்கள் பங்கும் அதற்குள் இருக்கிறது. 2022இல் பெற்றோலுக்கும் மருந்துக்கும் நாடு வரிசையில் நின்றபோது, மருந்து கட்டி அனுப்பியவர்கள் யார்? அப்போது யாரும் எங்களை வெளிநாட்டவர் என்று சொல்லவில்லை. அப்போது நாங்கள் உறவுகள்.

"இரட்டைக் குடியுரிமை எடுக்க வேண்டியதுதானே?" சொல்வது சுலபம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி இன்னொரு நாட்டின் குடியுரிமை எடுத்தால் இலங்கைக் குடியுரிமை போய்விடும். திரும்ப வேண்டுமென்றால் விண்ணப்பிக்க வேண்டும், காசு கட்ட வேண்டும், பத்திரங்கள் காட்ட வேண்டும். 2011இலிருந்து 2015 வரை விண்ணப்பமே எடுக்காமல் நிறுத்தி வைத்திருந்தார்கள், அது நினைவிருக்கிறதா? அதைவிட, பத்திரம் எங்கே? 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் மழைக்குள் ஒரு இரவில் யாழ்ப்பாணமே எழும்பி நடந்தது. அன்றைக்குக் கையில் எது அகப்பட்டதோ அதைத்தான் எடுத்தோம். பிறப்புப் பத்திரம் வைத்த இரும்புப் பெட்டியை யார் தூக்கிக்கொண்டு நடப்பது? காணொளியில் அந்த ஐயா அடையாள அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தார் என்பதே எனக்கு ஆச்சரியம். எத்தனை கட்டில், எத்தனை நாடு மாறி அந்த அட்டையை வைத்திருந்திருப்பார்! அதை நீட்டும்போது சிரிக்கிறீர்கள்.

நாங்கள் கடவுச்சீட்டை மாற்றியது வசதிக்காக என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அகதியாகக் கேட்டு நின்றவர்களுக்கு அது ஒரு தெரிவே இல்லை. புது நாட்டுக் கடவுச்சீட்டு இருந்தால்தான் அம்மாவின் செத்த வீட்டுக்காவது பயமில்லாமல் போய் வரலாம். அதற்காகத்தான் எடுத்தோம், திரும்பி வருவதற்காக. திரும்பி வந்ததும் அதையே காட்டி வெளிநாட்டவர் என்கிறீர்கள்.

"இதெல்லாம் நடைமுறைக்குச் சரிவராது, ஆளாளுக்குப் பொய் சொல்லுவார்கள்." ஏன் சரிவராது? இந்தியாவில் சரிவருகிறதே. இந்திய வம்சாவளியினருக்கு ஓசிஐ என்று ஒரு அட்டை கொடுக்கிறார்கள். அதை வைத்திருப்பவர் சட்டப்படி வெளிநாட்டுக் குடிமகன்தான். ஆனாலும் தேசியப் பூங்கா, வனவிலங்குச் சரணாலயம், நினைவுச்சின்னம், அருங்காட்சியகம் எல்லாவற்றிலும் இந்தியருக்குரிய அதே நுழைவுக் கட்டணம்தான் என்று எழுத்திலேயே கொடுத்திருக்கிறார்கள். 2021 மார்ச் அறிவிப்பில் அது தெளிவாக இருக்கிறது. பிறந்தவருக்கு மட்டுமில்லை, பேரப்பிள்ளைக்கும் அந்த அட்டை கிடைக்கும். பக்கத்து நாடு. கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

அமெரிக்காவையே எடுங்கள். 2026 ஜனவரி 1 முதல் யெலோஸ்டோன், யோசமிட்டி, கிராண்ட் கன்யன் உட்பட 11 பூங்காக்களில் வெளிநாட்டவரிடம் ஆளுக்கு 100 டொலர் மேலதிகமாக வாங்குகிறார்கள். 'அமெரிக்காவுக்கே முதலிடம்' என்று சொல்லிக்கொண்டு வந்த திட்டம் அது. எனக்கு அது பிடிக்கவில்லை, வந்த விதமும் பிடிக்கவில்லை. ஆனால் அவர்கள்கூடக் குடியுரிமை இருக்கிறதா என்று கோடு போடவில்லை, இங்கே வசிக்கிறாயா என்றுதான் கோடு போட்டார்கள். நிரந்தர வதிவிட அட்டை வைத்திருக்கும் இலங்கையர் அங்கே உள்ளூர்க்காரர். ருவாண்டாவிலும் அங்கே வாழும் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம் இருக்கிறது. ஒவ்வொரு நாடும் கோட்டை ஒவ்வொரு இடத்தில் போடுகிறது. அது மனிதர் போடுகிற கோடு, அழித்தும் போடலாம். இந்தோனேசியாவின் கொமோடோ தேசியப் பூங்காவில் 2022இல் கட்டணத்தை 37 இலட்சத்து 50 ஆயிரம் ரூபியாவாக உயர்த்தப் போனார்கள். அந்தப் பூங்காவுக்குப் போகும் வழியிலுள்ள லபுவான் பாஜோ பட்டணத்தில் சுற்றுலாத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அரசாங்கம் பின்வாங்கியது. "சட்டம் சட்டம்தான்" என்று எனக்குப் பாடம் எடுக்கிறவர்கள் அதையும் ஒருக்கால் வாசியுங்கள்.

பொய் சொல்வார்கள் என்ற பயத்துக்கும் பதில் கடவுச்சீட்டிலேயே இருக்கிறது. பிறந்த இடம் அச்சில் இருக்கிறது, வாசித்தால் போதும். சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த இடம் இருக்காது, அது உண்மை. அங்கே இருக்கிறவர்கள் பிறப்புப் பத்திரத்தின் பிரதியைக் கொண்டு வரட்டும். இது என்ன பெரிய வேலையா?

"அப்படியென்றால் உங்கள் பிள்ளைகளுக்கும் கேட்பீர்கள்." இல்லை, கேட்கவில்லை. என் மகள் ரொறன்ரோவில் பிறந்தவள். அவள் வெளிநாட்டுக் கட்டணம் கட்டட்டும். அதைச் சொல்ல எனக்கு நோகிறது, ஆனாலும் சொல்கிறேன். எங்காவது ஒரு கோடு வேண்டும் என்பதை நான் ஏற்கிறேன். பிறந்தவர்களை அந்தப் பக்கம் தள்ளாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

"உங்களுக்கு இந்தக் காசு ஒரு காசா?" இதற்குப் பதில் சொல்லவே மனம் வரவில்லை. காசைப் பற்றி யார் கதைத்தது? வாசலில் ஒரு உண்டியல் வையுங்கள், கேட்ட டொலரைப் போல இரண்டு மடங்கு போட்டுவிட்டு வருகிறேன். கொடுக்கச் சொன்னால் கொடுப்போம், எங்களிடம் கேட்டு நாங்கள் இல்லை என்று சொன்ன கோயில் உண்டா, பள்ளிக்கூடம் உண்டா? வெளிநாட்டவர் என்று எழுதிய டிக்கெட்டைக் கையில் தருவதுதான் குத்துகிறது.

எனக்குக் கனடாக் குடியுரிமை கிடைத்த நேரம், புதுக் குடிமக்களுக்கென்று ஒரு அனுமதி அட்டை தந்தார்கள். ஓராண்டுக்குத் தேசியப் பூங்காக்களுக்கு இலவசம். நாட்டைச் சுற்றிப் பாருங்கள், இது உங்களுடையது என்று அர்த்தம். மொழி சரியாக வராத, குளிருக்கு உடுப்புப் போடத் தெரியாத எங்களுக்குச் சொன்னார்கள் அதை. 2025 கோடையில் கனடா தன் தேசியப் பூங்காக்களை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்தது, எந்த நாட்டவர் என்று கேட்கவில்லை. அமெரிக்கன் வந்தாலும் இலவசம், இலங்கையில் இருந்து வந்த என் தம்பி வந்தாலும் இலவசம். பணக்கார நாடு, அதனால் முடிகிறது என்பீர்கள். இருக்கட்டும். பணம் இல்லாத நாடு பணம் கேட்கட்டும். அந்நியராக ஏன் ஆக்குகிறது?

இன்னொன்று, இதை எழுதத் தொடங்கும்போது சொல்ல நினைக்கவில்லை. 2015 ஜூனில் வடக்கில் சில இடங்களைத் தேசியப் பூங்காக்களாக அறிவித்தார்கள். நெடுந்தீவு ஒன்று, மடு வீதி ஒன்று, சுண்டிக்குளம் ஒன்று. சுண்டிக்குளம் பக்கம்தான் அம்மாவின் ஆட்கள். பூநாரைகள் வந்து இறங்கும் களப்பு. அம்மப்பா அந்தத் தண்ணீரில் இடுப்பளவு இறங்கி நின்று வலை வீசியவர். அம்மா சின்னப் பிள்ளையாகக் கரையில் நின்று பறியைப் பிடித்திருக்கிறார். அதைப் பாதுகாப்பதில் எனக்கு ஒரு எதிர்ப்பும் இல்லை, பறவைகள் வாழட்டும். ஆனால் நாளைக்கு அங்கேயும் ஒரு கவுண்டரைப் போட்டு, இதே பட்டியலைச் சுவரில் ஒட்டி, என்னிடம் டொலர் கேட்டால்?

நான் கட்டமாட்டேன். உள்ளூர்க்காரருக்கு எவ்வளவு ரூபாய் என்று எழுதியிருக்கிறதோ அதை எண்ணி மேசையில் வைப்பேன். கடவுச்சீட்டைத் திறந்து பிறந்த இடத்தைக் காட்டுவேன். வாங்கினால் வாங்கட்டும், வாங்காவிட்டால் வாசலிலேயே நிற்பேன். அன்றைக்கு என் தம்பி பக்கத்தில் நின்று வாயைத் திறக்காதேங்கோ என்று சொன்னாலும் கேட்கமாட்டேன், வாயைத் திறந்து எங்கள் தமிழிலேயே கேட்பேன்.