காஜி நீதிமன்றங்களை மூடியது ஜார் அரசு அல்ல

"1865இல் தாஷ்கண்டைப் பிடித்ததுமே ரஷ்யர்கள் ஷரியத் நீதிமன்றங்களை மூடி, முஸ்லிம்களைக் கட்டாயமாக மதம் மாற்றினார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. துருக்கிஸ்தானின் (மத்திய ஆசியாவில் ரஷ்யா பிடித்த பகுதி, தாஷ்கண்ட் அதில் அடக்கம்) முதல் கவர்னர் ஜெனரல் காஃப்மன் (1867–1882) அங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ மிஷனரிகளை அனுமதிக்கவே இல்லை. இஸ்லாமை ஒடுக்கவும் வேண்டாம், ஆதரிக்கவும் வேண்டாம், கண்டுகொள்ளாமல் விட்டால் தானாகத் தேய்ந்துவிடும் என்பது அவருடைய கணக்கு.

காஜிகள், அதாவது ஷரியத் நீதிபதிகள், தொடர்ந்து இருந்தார்கள், அவர்களுடைய அதிகாரம்தான் சுருங்கியது. தலைமைக் காஜி பதவி ஒழிக்கப்பட்டது. கொலை வழக்குகள் ரஷ்ய நீதிமன்றங்களுக்குப் போயின. ஐம்பது வீட்டுக்கு ஒரு பிரதிநிதி, அவருக்கு 'எல்லிக்பாஷி' என்று பெயர். அவர்கள் கூடி மூன்றாண்டுக்கு ஒருமுறை காஜியைத் தேர்ந்தெடுப்பார்கள். முன்பு ஆட்சியாளர் நியமித்த பதவிக்கு இப்போது ஓட்டு, ஓட்டுக்குப் பணமும் கைமாறியது. எந்தத் தடையையும்விட இதுதான் காஜியின் மரியாதையை அதிகம் குலைத்தது என்பது என் கருத்து.

அதற்காக அதை நல்லாட்சி என்று நான் சொல்லவில்லை. 1916இல் முஸ்லிம் ஆண்களைப் போர்க்காலக் கூலிவேலைக்குப் பிடிக்க உத்தரவு வந்ததும் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அதை அடக்கியபோது கசாக், கிர்கிஸ் குடும்பங்கள் மலைக் கணவாய்கள் வழியே சீனாவுக்குத் தப்பி ஓடின. வழியிலேயே ஏராளமானோர் மடிந்தார்கள். அந்தக் கொடுமை உண்மை, அதைக் கட்டாயம் பேச வேண்டும். ஆனால் ஷரியத் நீதிமன்றங்களை மூடியது 1920களில் சோவியத் அரசு.