612 கிராம்

வெள்ளிக்கிழமை இரவுக்குள் அந்த வீடியோவை ஏழு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். "உங்க தேக்கா ஆன்ட்டி பண்ண வேலையைப் பாருங்க" என்று ஒருவர் சிரிக்கும் முகம் வேறு போட்டிருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் சிங்கப்பூர் தேக்கா சந்தைக்குப் போகிறவள், பதினோரு வருடமாக அந்தச் சீன ஆன்ட்டியின் கடையில்தான் காய் வாங்குகிறவள் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் எனக்கு வந்து சேர்கிறது. சரி, பதில் சொல்லிவிடுகிறேன்.

அவர் ஏமாற்றவில்லை. அவர் கொடுத்தது ஒரு கட்டி.

வீடியோவை இன்னொரு முறை நிதானமாகப் பாருங்கள். சமையல் மேடையில் ஒரு தராசு, அதன் மேல் அவரைக்காய்ப் பை. தராசு 612 காட்டுகிறது. "ஒரு கிலோவுக்குக் காசு வாங்கிட்டு அறுநூறு கிராம் குடுத்திருக்கா, இந்தியாலேருந்து வந்தவங்கன்னா இவங்களுக்கு இளக்காரம்" என்று பின்னாலிருந்து குரல். அடுத்த காட்சியில், கடையில் எடுத்து வைத்திருந்த ஆன்ட்டியின் முகம். அவர் குனிந்து யாருக்கோ பச்சை மிளகாய் அள்ளிக்கொண்டிருக்கிறார். தன்னை யாரோ படம் எடுக்கிறார்கள் என்றே அவருக்குத் தெரியவில்லை.

கட்டி என்பது இந்தப் பக்கத்துப் பழைய எடை. மலாய்க்காரர்கள், சீனர்கள், இங்கேயே பிறந்து வளர்ந்த நம் தமிழர்கள் எல்லாரும் தலைமுறை தலைமுறையாகப் புழங்கியது. தாயில் என்பது அதைவிடச் சின்ன எடை, 16 தாயில் சேர்ந்தால் ஒரு கட்டி. கிராமில் 605க்கு ஒரு பொட்டு குறைவு, கடைப் பேச்சில் 600. சிங்கப்பூர் 1970களிலேயே கிலோவுக்கு மாறிவிட்டது, உண்மைதான். ஆனால் எழுபது வயதைத் தாண்டிய ஒரு காய்க்காரம்மாவின் வாயில் முதலில் வருவது கட்டிதான். திருச்சியில் என் அப்பாயி சாகும்வரை புளியை வீசைக் கணக்கில்தான் கேட்டார். கடைக்காரர் அதைக் கிலோவாக்கி நிறுத்துக் கொடுப்பார். அப்பாயியை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

2014இல் வந்த புதிதில் நானும் இதே இடத்தில் தடுமாறினேன். "ஒன் கட்டி, தங்கச்சி?" என்று இதே ஆன்ட்டி கேட்டார். வெல்லக்கட்டி, மஞ்சள்கட்டி மாதிரி ஏதோ சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் வெண்டைக்காய் குறைவாகத் தெரிந்தது. அடுத்த வாரம் போய்க் கேட்டேன். அவர் தராசில் வெண்டைக்காயைப் போட்டு, 600 வந்ததும் "கட்டி" என்றார். இன்னும் போட்டு, 1000 வந்ததும் "கிலோ" என்றார். அப்புறம் எல்லாவற்றையும் கூடையில் கொட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பதினோரு வருடமாக எனக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை.

கேட்டிருக்கலாம். அவ்வளவுதான் நான் சொல்வது. வீடியோ எடுத்த அந்தத் தோழி கேட்டிருக்கலாம்.

"கிலோவில் சொல்ல வேண்டியதுதானே, புதிதாக வருகிறவர்களுக்குக் கட்டி எப்படித் தெரியும்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். சொல்லியிருக்க வேண்டும், அட்டையில் எழுதியும் வைத்திருக்க வேண்டும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வார்த்தை புரியாமல் போவது வேறு, ஒருவரைத் திருடி என்பது வேறு. ஏமாற்ற நினைக்கிறவர் 580 போடுவார், 570 போடுவார். 600 போட்டால் போதும் என்கிற இடத்தில் 612 போட்டிருக்கிறார். கையில் வந்த நாலு காயைத் திரும்ப எடுக்க மனமில்லாமல் அப்படியே கட்டிக் கொடுத்திருக்கிறார். நீங்கள் சாட்சி என்று காட்டிய தராசே அவருக்குத்தான் சாட்சி சொல்கிறது.

அடுத்து விலை. "ஆப்பில் இதைவிடக் குறைவு, நம்ம ஊர் உழவர் சந்தையில் இதில் கால்வாசிகூட இல்லை" என்று ஒரு பின்னூட்டம். அதற்கு நூற்றுக்கும் மேல் விருப்பக்குறி. உழவர் சந்தையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1999இல் மதுரையில் முதல் சந்தை திறந்து, கொஞ்ச நாளில் எங்கள் தென்னூருக்கும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா டிவிஎஸ் 50இன் முன்னால் என்னை நிற்க வைத்துக்கொண்டு போவார். வாசலில் அன்றைய விலைப்பலகை. உள்ளே அடையாள அட்டையோடு உட்கார்ந்திருக்கும் விவசாயிகள். தன் தோட்டத்துக் கத்தரிக்காயைத் தானே விற்பார்கள், தராசுகூட அரசாங்கம் கொடுத்தது. நடுவில் தரகர் கிடையாது. விலை குறையாமல் என்ன செய்யும்?

இங்கே தோட்டம் எங்கே இருக்கிறது? சாப்பாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் நாடு இது. கீரையும் கோஸும் மலேசியாவின் கேமரன் மலையிலிருந்து லாரியில் ஜொகூர் பாலம் தாண்டி வரவேண்டும். பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் இறங்கி, பிரிந்து, விடிவதற்குள் தேக்காவுக்கு வரவேண்டும். நம் முருங்கைக்காயும் அவரைக்காயும் விமானம் ஏறி வருகின்றன, எங்கள் திருச்சி விமான நிலையத்திலிருந்தும்தான். 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்கே என்ன பாடுபட்டோம் என்பது மறந்துவிட்டதா? அக்கரையில் ஒருவர் முடிவெடுத்தால் இக்கரையில் கடை மூடவேண்டிய நிலை. இதில் விலையை ஆன்ட்டியா வைக்கிறார்? அவர் வாங்குகிற விலைக்கு மேல் வாடகை, உதவிக்கு ஒரு ஆள், சாயங்காலம் வாடிப்போய்க் குப்பைக்குப் போகும் கீரை, எல்லாம் இருக்கிறது. ஆப்பில் 80 காசு குறைவாகக் கிடைத்தால் ஆப்பிலேயே வாங்குங்கள், அது உங்கள் உரிமை. அதற்காக இவர் ஏன் திருடியாக வேண்டும்?

"வசதி இருக்கிறவர்கள் பேசுவது சுலபம், எங்களுக்கு ஒவ்வொரு டாலரும் கணக்கு" என்று ஒருவர் உள்பெட்டியில் எழுதியிருந்தார். எனக்கும் கணக்குதான் தம்பி. நானும் வேலை பாஸில் இருக்கிறவள். நிரந்தரவாசம் கேட்டு இரண்டு தடவை கிடைக்கவில்லை. 2025 மே மாதம் குடிமக்கள் குடும்பங்களுக்குக் கடைகளில் செலவழிக்க அரசாங்கம் 500 டாலர் சிடிசி பற்றுச்சீட்டு கொடுத்ததே, அப்போது தேக்காவில் எனக்கு முன்னால் நின்ற எல்லாரும் கைப்பேசியைக் காட்டி ஸ்கேன் செய்துகொண்டிருந்தார்கள். நான் சுருக்குப்பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன். எண்ணித்தான் கொடுத்தேன். எண்ணிச் செலவு செய்கிறவளாக இருந்துகொண்டுதான் சொல்கிறேன், அது ஒரு கட்டி.

இதையெல்லாம் வெள்ளிக்கிழமையே அந்தப் பதிவின் கீழே சுருக்கமாக எழுதினேன். அதற்கு வந்த பதில்தான் என்னைத் தூங்கவிடவில்லை. "செட்டில் ஆனதும் அக்கா இந்த ஊர்க்காரங்க ஆயிட்டாங்க. நம்ம ஆளுங்களை விட்டுட்டு சீனத்திக்கு வக்காலத்து."

நம்ம ஆள் என்றால் யார் என்று நானும் கேட்க வேண்டியிருக்கிறது.

கொரோனாவால் 2021 ஏப்ரல் 23 இரவோடு, என்னைப் போல பாஸில் இருக்கிறவர்கள் யாரும் இந்தியாவிலிருந்து இங்கே நுழைய முடியாமல் போனது. போனவர்கள் திரும்ப முடியாது, எப்போது முடியும் என்று சொல்ல ஆளில்லை. மே மாதம் அப்பா போய்விட்டார். பையனுக்கு அப்போது மூன்று வயது. கிளம்பினால் வேலையும் வீடும் என்னாகும் என்று தெரியாது. நான் போகவில்லை. எல்லாவற்றையும் கைப்பேசியில் பார்த்தேன். தம்பி கையில் பிடித்திருந்த கைப்பேசி ஆடிக்கொண்டே இருந்ததால் அப்பாவின் முகத்தைக்கூட ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை.

பதினாறாம் நாள் இங்கே வீட்டிலேயே ஒரு படையலாவது போட வேண்டும் என்று தோன்றியது. அதற்கு முந்தின நாள் தேக்காவுக்குப் போனேன். செங்காங்கிலிருந்து ஊதா ரயில், லிட்டில் இந்தியாவில் சி வாசல், ஏறியதும் பஃபலோ ரோட்டின் மல்லிகை வாசம், எல்லாம் எப்போதும் போலத்தான். முகக்கவசம் போட்டிருந்தேன். வாழைக்காய், புடலங்காய், பாகற்காய், கொத்தவரங்காய் என்று எடுத்து வைத்தேன். ஆன்ட்டி நிறுத்துக்கொண்டே வந்தவர் கை நின்றது. எடுத்து வைத்த காய்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தங்கச்சி, வெங்காயம் வேண்டா?" என்றார். வாராவாரம் சின்ன வெங்காயம் வாங்காமல் நான் போனதே இல்லை. "அப்பா" என்று மட்டும் சொன்னேன், அதற்கு மேல் வரவில்லை.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து பலகைக்கு அடியிலிருந்து வாழை இலைக் கட்டை இழுத்தார். ஒவ்வொன்றாகப் புரட்டி, கிழிசல் இல்லாத நுனி இலை ஒன்றை உருவினார். இடுப்புத் துணியை எடுத்து, ஈரம் போக மேலிருந்து கீழாக இரண்டு தடவை துடைத்தார். நரம்பு உடையாமல் தளர்வாகச் சுருட்டி, சீனச் செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு என் கையில் கொடுத்தார். காசை நீட்டினேன், தள்ளிவிட்டார். "அப்பாக்கு" என்றார்.

என்னுடைய குடியிருப்பில் அந்த வாரம் தமிழ் பேசும் குடும்பங்கள் பதினைந்து இருந்தன. நோய்க்காலம், யார் மேலும் எனக்குக் குறை இல்லை. ஆனால் என் அப்பா சாப்பிட்ட இலை இந்த ஆன்ட்டி துடைத்துக் கொடுத்த இலை. அவரைத்தான் நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து திருடி என்கிறீர்கள். சீனத்தி என்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு நான் பேசாமல் இருக்க வேண்டுமா?

"இது உங்கள் சொந்த அனுபவம், எல்லாக் கடைக்காரரும் அப்படி இல்லை" என்பீர்கள். எல்லாரும் அப்படி என்று நான் சொல்லவே இல்லை. மீன் பக்கம் நானே ஏமாந்திருக்கிறேன், வௌவால் என்று பழைய மீனைத் தலையில் கட்டினார்கள். அடுத்த வாரம் நேரில் போய்ச் சொன்னேன், அப்புறம் அந்தக் கடைக்குப் போவதை விட்டுவிட்டேன். அந்த ஆளின் முகம் என் கைப்பேசியில் இல்லை.

அம்மா இங்கே வந்து ஒரு மாதம் இருந்தபோது வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார், நம் ஊர்ப் பழக்கம். ஆன்ட்டி "உடைக்காதே லா!" என்று கத்தினார். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது, எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஆனால் ஆன்ட்டியே ஒரு காயை எடுத்து, ஒடிக்காமல் விரலால் லேசாக வளைத்து, பிஞ்சு எது முற்றல் எது என்று அம்மாவுக்குக் காட்டினார். அடுத்த மூன்று சனிக்கிழமையும் அம்மா என்னைவிட முன்னால் கிளம்பி நின்றார். கோபம் வந்தாலும் ஆள் எதிரில் இருந்ததால் பேசித் தீர்ந்தது. வீடியோவில் யாரிடம் போய்ப் பேசுவது?

நேற்று போனேன். ஏழரை மணிக்கே கடையில் அவர் மகன் நின்றிருந்தார், பொதுவாக அவர் சனிக்கிழமை வருவதில்லை. அவர்தான் வீடியோவை அம்மாவுக்குக் காட்டியிருக்கிறார். என்னைப் பார்த்ததும் ஆன்ட்டி எப்போதும் போல "தங்கச்சி" என்று கூப்பிடவில்லை. கொத்தமல்லியைப் பிரித்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏன் என் மூஞ்சி போட்டாங்க? நான் பொய் சொல்லலே" என்றார். நானும் தமிழ்க்காரி என்பதால் என்னிடம் கேட்கிறார். நான் என்ன பதில் சொல்வேன்? அந்தத் தோழியின் சார்பில் மன்னிப்புக் கேட்டேன். ஆன்ட்டி கையை ஆட்டிவிட்டார், வேண்டாம் என்று.

மகன் ஒரு அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, கறுப்பு மார்க்கரால் ஆங்கிலத்திலும் சீனத்திலும் எழுதி வைத்திருந்தார். என்னிடம் மார்க்கரைக் கொடுத்துத் தமிழில் எழுதச் சொன்னார். காய்க்கூடைகளுக்கு நடுவில் அட்டையை வைத்துக்கொண்டு, நின்றபடியே எழுதினேன். "1 கட்டி = 600 கிராம்." ஈரக்கை பட்டு முதல் எழுத்து கொஞ்சம் அழிந்துவிட்டது, மறுபடி அதன் மேலேயே எழுதினேன். ஆன்ட்டி அதை வாங்கி முருங்கைக்காய்க் கட்டுக்கு முன்னால், எல்லாரும் பார்க்கும்படி சாய்த்து வைத்தார்.

அட்டை அங்கே இருக்கிறது. அந்த வீடியோ இன்று காலை வரை அப்படியே இருக்கிறது, அவர் முகத்தோடு.