பள்ளம் திடீரென்றுதான், ஆனால் வேலை பழையது

அமெரிக்காவின் புளோரிடாவில் நிலம் உள்வாங்கி உண்டான டெவில்ஸ் மில்ஹாப்பர் பள்ளத்தைப் பற்றி, உங்கள் கட்டுரையில் 'பூமி திடீரென வாயைத் திறந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது பாதிக் கதைதான். மழைநீர் காற்றிலும் மட்கிய இலைகளிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது கீழே இறங்கிச் சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் குகையாக்குகிறது. கூரை மெலிந்து மெலிந்து, தாங்க முடியாதபோதுதான் 'திடீர்' வருகிறது.

கெய்ன்ஸ்வில் ஊரில் வேலை பார்த்த காலத்தில் ஒரு ஜூலை மதியம் அங்கே போனேன். ஆழம் சுமார் 120 அடி, அகலம் 500 அடி. மேலே வெயில் மண்டையைப் பிளந்தது. மரப் படிகளில் இறங்க இறங்கக் குளிர்ச்சி, பெரணிச் செடிகள், ஈர மண் வாசனை. சரிவெங்கும் சின்னச் சின்ன ஓடைகள் வழிந்து, அடியில் போய்க் காணாமல் போகின்றன. பாறை அடுக்குகளில் சுறாப் பற்கள்கூடக் கிடைத்திருக்கின்றன. அந்த இடம் ஒரு காலத்தில் கடலடி, அவ்வளவுதான்.

அப்புறம் பெயர். 'மில்ஹாப்பர்' என்றால் மாவு ஆலையில் தானியம் கொட்டும் புனல், 'டெவில்' என்றால் சாத்தான். பள்ளத்துக்கும் அந்தப் புனல் போன்ற வடிவம், அடியில் கிடைத்த எலும்புகள். சாத்தானுக்குத் தீனி போடும் புனல் என்று கதை கட்டிவிட்டார்கள்.

இறங்குவது சுலபம். 132 படி ஏறி வரும்போதுதான் என் முழங்கால் பேசியது.